ஒரு கூட்டில் இரண்டு பிரமச்சாரிகள்

எமது இல்லத்தில் இரண்டு பிரமச்சாரிகள் குடியிருக்கின்றனர். அவர்கள் வாடகை தருவதில்லை. நாளெல்லாம் புல் தின்பதும், தின்னாத வேளையில் அடுத்த வேளைப் புல்லை எதிர்பார்த்திருப்பதுமே அவர்களது தொழில். ஒருவர் பெயர் செம்பன். மற்றவர் பெயர் சுழியன். இருவரும் கினிப்பன்றிகள். இவ்விருவரும் உடன்பிறந்தாரல்லர், ஒரே கடையில் வாங்கப்பட்டவருமல்லர். முன்பின் அறியாத இரண்டு ஆண் பிராணிகள் ஒரே கூரையின்கீழ் ஈராண்டுக்கு மேலாக ஒன்றாய் வாழ்கின்றன என்பதே நாம் கூறவந்த சங்கதி. கினிப்பன்றி வளர்த்தறியாத வாசகர்கள், ‘இதில் என்ன விசேடம்?’ என்று வினவக்கூடும். வளர்த்தறிந்தவர்களோ நாம் புளுகுவதாகவே எண்ணுவர்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கினி என்பது மேற்கு ஆபிரிக்காவில் உள்ள நாடு. இப்பிராணிக்கும் அந்நாட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பன்றிக்கும் இதற்கும் அதைவிடக் குறைவு. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைப்பிரதேசத்தில், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதனோடு பழகிவிட்ட கொறிக்கும் பிராணி இது. பெரு, பொலிவியா, எக்குவடோர் முதலிய நாடுகளில் இதனைக் ‘குயி’ என்றழைத்து, இன்றும் உணவுக்காகவே வளர்க்கின்றனர். (எம் மகளுக்கு இச்செய்தியை நாம் இதுவரை கூறவில்லை. இப்பத்திரிகையை அவள் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி என்பதையும் இனித்தான் யோசிக்க வேண்டும்.) எமது பண்டாரவளையில் வீதியோரமெங்கும் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் கினிப்புல்லோ மெய்யாகவே ஆபிரிக்காவிலிருந்து வந்தது. கினியைக் கண்டறியாத கினிப்பன்றி, கினிப்புல்லை வயிறாரத் தின்று இலங்கையில் வாழ்கின்றது. உலகத்தில் பெயர்கள் இப்படித்தான் அமைகின்றன.

2021 ஆம் ஆண்டில் எம் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு குட்டிகளை வாங்கினோம். இரண்டும் ஆண், ஒருதாய்ப் பிள்ளைகள். சிவலை நிறத்தான் செம்பன், மற்றவன் வெள்ளையன். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமுமான கூடு ஒன்றைப் பலகையாலும் கம்பிவலையாலும் நாமே செய்தோம். மனிதருக்கே காய்கறி எட்டாக்கனியாய் இருந்த 2022 இலும் இவ்விருவருக்கும் கறிமிளகாய்த் துண்டும் கொய்யாத் துண்டும் தவறாமல் கிடைத்தன. எம் மாமியார் இதனைக் கண்டு முணுமுணுத்ததுண்டு. ஆயினும் அது ஆடம்பரமன்று. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் உயிர்ச்சத்து ‘சி’யைத் தானே ஆக்கிக்கொள்ளும் வல்லமை அற்றது. நோர்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ற், புறோலிக் என்னும் இருவர் 1907 இல் இப்பிராணிகளுக்குத் தானியத்தை மட்டுமே ஊட்டியபோது, முற்காலத்துக் கப்பலோட்டிகளை வாட்டிய அதே முரசுநோய் இவற்றையும் பீடித்தது. எனவே மாமியார் முணுமுணுத்தாலும் கறிமிளகாய் கொடுத்தேயாக வேண்டும்.

அவ்வாண்டு நவம்பர் மாத மழையில் வெள்ளையனுக்குச் சளி கண்டது. மூன்றாம் நாள் மூச்சு விடத் திணறினான். மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது காலம் கடந்துவிட்டது. முதல் நாளே சென்றிருக்க வேண்டும் என்பதை இன்று அறிவோம். நோயை மறைப்பதில் இப்பிராணிகள் மகா சமர்த்தர்கள்; மேய்ந்து திரியும் சிறு பிராணி தன் பலவீனத்தைக் காட்டினால் அன்றே அதன் கதை முடிந்துவிடுமல்லவா?

தனியனான செம்பனைப் பார்க்கச் சகிக்கவில்லை. முன்பெல்லாம் குளிர்ப்பெட்டிக் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே வீடதிரச் சீழ்க்கையடிப்பவன், இப்போது கூட்டின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான். புல்லைத் தின்றான், ஆனால் ஓடிவந்து தின்னவில்லை. கினிப்பன்றி கூட்டமாய் வாழப் பிறந்த பிராணி. சுவிற்சர்லாந்தில் இதனைத் தனியே வளர்ப்பது சட்டப்படி குற்றம். குறைந்தது இரண்டாவது இருக்கவேண்டும் என்று 2008 ஆம் ஆண்டு விதியே செய்துவிட்டனர். அச்செய்தியை எங்கோ வாசித்த எம் மகள், “அப்பா, நாங்கள் சுவிசிலை இருந்தால் உங்களைப் பொலிசு பிடிச்சிருக்கும்” என்றாள். அவள் விளையாட்டாகக் கூறவில்லை.

“ஒரு பெட்டையைக் கொண்டுவந்து விட்டால் எல்லாம் சரிவரும், தம்பி” என்றார் மாமியார். மாமியாரின் உலகத்தில் தனித்திருக்கும் ஆணுக்கு மருந்து கலியாணம் ஒன்றே. நாம் கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். சினைக்காலம் ஏறக்குறைய பத்து வாரம். ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள். ஈன்ற சில மணித்தியாலங்களிலேயே தாய் மீண்டும் சினைப்படக்கூடும். பெண் குட்டியோ ஒன்றரை மாதத்திற்குள் தானும் தாயாகும் பருவத்தை எய்திவிடும். இரண்டாண்டுக் கணக்கைப் போட்டு முடிக்குமுன் கடதாசி முடிந்துவிட்டது. விதையடிப்பதைப் பற்றி வைத்தியரிடம் வினவினோம். இத்துணைச் சிறிய உடலுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் உள்ள அபாயத்தை அவர் எடுத்துரைத்தார். எனவே துணை வேண்டுமாயின் அது மற்றுமோர் ஆணாகவே இருக்கவேண்டும் என்று தீர்மானித்தோம்.

இனிக் கூறப்போவது எமது அறியாமையின் கதை.

2023 சனவரியில், பதுளையிலிருந்து இடமாற்றம் பெற்றுச் செல்லும் நண்பர் ஒருவர், தம் பிள்ளைகள் வளர்த்த ஓர் ஆண் கினிப்பன்றியை எமக்கு மனமுவந்து அளித்தார். அதன் பெயர் ராஜா, வயது ஒன்று. குட்டிப் பருவத்திலேயே தாயைப் பிரிந்து, தன்னந்தனியாக, மிகுந்த செல்லத்தோடு வளர்ந்தது. பிள்ளைகளின் மடியில் உறங்கும்; கையிலிருந்து உண்ணும். இத்துணைச் சாதுவான பிராணி செம்பனுக்கு ஏற்ற தோழனாகும் என்று மகிழ்ந்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், அதனைத் தூக்கி நேரே செம்பனின் கூட்டுக்குள் விட்டோம். வீட்டார் அனைவரும் கதிரைகளைப் போட்டு வேடிக்கை பார்க்க அமர்ந்தோம்.

கால்மணி நேரம் உறுமலும் சுற்றிவருதலுமாய்க் கழிந்தது. பின்னர் இரண்டும் எதிரெதிரே நின்று, மயிரைச் சிலிர்த்து, தலையை மேலும் மேலும் உயர்த்தி, பற்களை நறநறவெனக் கடித்தன. கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறந்தான் ராஜா. “பாவம், களைச்சுப் போச்சுது” என்றாள் எம் மனைவி. அது களைப்பன்று, வாளை உறையிலிருந்து உருவிக் காட்டியது. அடுத்த கணம் இரண்டும் ஒரே பந்தாய் உருண்டன. கூட்டின் கதவைத் திறந்து வெறுங்கையை நீட்டினோம். சுட்டுவிரலில் எலும்பு மட்டும் கடி விழுந்தது. கடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பிரித்தெடுத்தபோது செம்பனின் இடது காது கிழிந்து இரத்தம் ஒழுகியது. ராஜாவின் முதுகில் ஓர் ஆழமான காயம். மகள் எம்மோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, “நீங்கள் ஒண்டும் படிக்காமல் விட்டனீங்கள்” என்றாள். பாடசாலைக்குப் படிக்காமல் செல்வது குற்றம் என்று அவளுக்குப் பலமுறை உபதேசித்தவர் நாமே.

எனவே படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, நாம் செய்யாத பிழை ஒன்றும் மிச்சமில்லை என்பது புலனாயிற்று. செம்பன் ஓராண்டுக்கு மேல் தன் மணத்தைப் பூசி வைத்திருந்த கூடு அவனுடைய இராச்சியம். அதனுள் அந்நியனை விட்டது முதற் பிழை. ஆறு சதுர அடிக்குள் இரண்டு வளர்ந்த ஆண்களை அடைத்தது அடுத்தது. தோற்றவனுக்கு ஓடவும் இடமில்லை. ஒரே உணவுக் கிண்ணம். ஒளிந்துகொள்ள ஒரே பெட்டி. அதற்கும் ஒரே வாசல். உள்ளே புகுந்தவன் உள்ளேயே அகப்பட்டான். கையை நீட்டியதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? தடித்த துவாயைப் போட்டு மூடியோ, இடையில் ஒரு மட்டையைச் செருகியோதான் பிரிக்கவேண்டும்.

ஆயினும் எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. நோர்பேர்ட் சாக்சர் என்னும் ஜெர்மனிய விலங்கியலாளரும் அவரைச் சார்ந்தோரும், 1991 இல் வெளியான ஆய்வொன்றிலும் அதன் பின்னரும், இதே விடயத்தை ஆராய்ந்துள்ளனர். பெரிய கூட்டத்தில், மூத்த ஆண்களின் மத்தியில் வளர்ந்த ஆண் கினிப்பன்றி, பிற்காலத்தில் முன்பின் அறியாத இன்னோர் ஆணைச் சந்திக்கும்போது பெரும்பாலும் சண்டையின்றியே யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்கிறது. உடலில் கலவரத்தைக் காட்டும் சுரப்பும் அவ்வளவாக உயர்வதில்லை. தனியே வளர்ந்ததோ மூர்க்கமாய்ப் போரிடுகிறது. பணியவும் விலகவும் கற்பது பருவமெய்தும் காலத்தில், மூத்த ஆண்களிடமிருந்து. அப்பாடத்தைத் தவறவிட்டவனுக்குப் பின்னர் அது எளிதில் வருவதில்லை. ராஜா கெட்டவனல்லன். பிள்ளைகளின் மடியில் வளர்ந்த அவனுக்குத் தன் இனத்தாரின் பாஷையே தெரியாது. செம்பனோ தன் தம்பியையன்றி வேறொருவனைக் கண்டவனல்லன். இருவரையும் நாம் ஒரு பெட்டியில் இட்டு மூடினோம்.

இரத்தம் சிந்திய இருவரை மீண்டும் சேர்க்க முயல்வது வீண் என்று அனுபவசாலிகள் கூறினர். சில நாள் பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் வைத்தும் பார்த்தோம். இரவு முழுவதும் கம்பிவலைக்கு இருபுறமும் நின்று பல்லைக் கடித்தபடி இருந்தனர். வெலிமடையில் கினிப்பன்றிகளைப் பெருக்கி வளர்க்கும் ஒருவர் இருந்தார். அவர் ராஜாவைத் தம் பெண் பிராணிகளோடு சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அங்கே வேறு வளர்ந்த ஆண் இல்லை. ராஜா அங்கே இராஜாவாகவே இருக்கிறான் என்று கேள்வி.

அவரிடமே சுழியனைக் கண்டோம். ஆறு வாரக் குட்டி. உடம்பெல்லாம் மயிர்ச்சுழி. தன் தகப்பனோடும் அண்ணன்மாரோடும் ஒரே தொழுவில் வளர்ந்துகொண்டிருந்தான். தகப்பன் உறுமினால் உடனே தலையைத் தாழ்த்தி ஒதுங்குவான். பின்னர் அவனுக்கருகிலேயே வந்து படுப்பான். ‘இவன் பாடம் படித்த பிள்ளை’ என்று மனத்துக்குள் கூறிக்கொண்டோம்.

இம்முறை அவசரப்படவில்லை. மூன்று வாரம் சுழியனை வேறோர் அறையில் வைத்தோம். சளியோ பேனோ படர்தாமரையோ இருந்தால் வெளிப்படட்டும் என்பது கருத்து. வெள்ளையனை இழந்த வீடல்லவா? அந்நாட்களில் செம்பன் படுத்த துணியைச் சுழியனுக்கும், சுழியன் படுத்ததைச் செம்பனுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். பழைய கட்டிலின் பலகைகளைக் கொண்டு ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமுமான புதிய கூட்டை அமைத்தோம். இரண்டு தண்ணீர்ப் போத்தல், தூரத்தூர இரண்டு கிண்ணம், இரண்டு வாசலுள்ள இரண்டு மரப்பெட்டி. எல்லாவற்றையும் வினாகிரித் தண்ணீரால் துடைத்தோம், எவன் மணமும் மிஞ்சாதிருக்க.

2023 ஏப்ரல் மாதம், புத்தாண்டு விடுமுறையில், விறாந்தையில் ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து, சுற்றிவரப் பலகை வைத்து மறித்தோம். அது இருவருக்கும் சொந்தமில்லாத நிலம். நடுவில் கினிப்புல்லை மலைபோற் குவித்தோம். ஒளிவதற்கு ஒன்றும் வைக்கவில்லை; ஒளியிடம் இருந்தால் அதற்காகவே சண்டை மூளும். மகள் ஒரு கையில் துவாயும் மறுகையில் மட்டையுமாய்க் காவல் நின்றாள்.

அந்த இரண்டு மணித்தியாலத்தை நாம் இலகுவில் மறவோம். செம்பன் தொலைவில் எஞ்சின் ஓடுவது போன்ற தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டு, இடுப்பை இருபுறமும் அசைத்து அசைத்து, குட்டியைச் சுற்றி வலம் வந்தான். பின்புறத்தைத் தரையில் இழுத்து இழுத்துத் தன் மணத்தைப் பூசினான். துரத்தினான். முதுகின்மேல் ஏறினான், இது அதிகாரத்தை நாட்டும் சடங்கேயன்றி வேறொன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் சுழியன் வீடே கேட்கும்படி வீறிட்டான்.

“இஞ்சருங்கோ, சின்னனை எடுங்கோ. சாகப்போகுது” என்றாள் எம் மனைவி.

“வேண்டாம் அம்மா. ரத்தம் வரேல்லை. பல்லும் கடிக்கேல்லை” என்றாள் மகள்.

எமது கை இருமுறை நீண்டு மீண்டது. பிராணி அலறும்போது பார்த்துக்கொண்டிருப்பது கருணையற்ற செயலாகவே தோன்றிற்று. ஆனால் அலறல் வேறு, காயம் வேறு. அலறுபவன் ‘நீயே பெரியவன், என்னை விடு’ என்று தன் பாஷையில் கூறுகிறான்; கேட்பவன் அதனை ஏற்று விலகுகிறான். இடையில் நாம் புகுந்து பிரித்தால் அவ்வழக்கு தீராமலே நிற்கும். மறுமுறை முதலிலிருந்து தொடங்கவேண்டும். இருவரும் தலையுயர்த்தி எதிரெதிரே நின்று பற்களைக் கடித்தால், பாய்ந்தால், பந்தாய் உருண்டால் மட்டுமே துவாய்க்கு வேலை. அது வரவில்லை. ஒரு மணித்தியாலமளவில் செம்பன் களைத்துப்போய்ப் புல்லைத் தின்னத் தொடங்கினான். சுழியன் குவியலின் மறுபுறத்திலிருந்து தானும் ஒரு தாளை இழுத்தான். செம்பன் பார்த்தான், விட்டுவிட்டான். மகள் மட்டையைக் கீழே வைத்தாள்.

அன்று மாலையே இருவரையும் ஒன்றாய்ப் புதிய கூட்டில் விட்டோம். அன்றிரவு நாம் விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்தோம். எம் மனைவி இதனை உறவினரிடம் கூறிச் சிரிப்பதுண்டு. நள்ளிரவில் ஒருமுறை கதவு தட்டுவது போன்ற சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்தோம். சுழியன் தன்னந்தனியே, சட்டியில் சோளப்பொரி தெறிப்பது போலத் துள்ளித் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். அது மகிழ்ச்சியின் அடையாளம்.

இத்தோடு கதை சுபமாய் முடிந்தது என்று எண்ணற்க. குட்டி குட்டியாகவே இருப்பதில்லை. சுழியனுக்கு ஐந்து மாதம் ஆனபோது வாலிப மிடுக்கு வந்தது. பாடம் படித்த பிள்ளை ஆசிரியரையே எதிர்த்து உறுமினான். துரத்தியவன் துரத்தப்பட்டான். ஓரிரு மயிர்க்கற்றைகள் பறந்தன. மூன்றாம் மாதம் முதல் பதினான்காம் மாதம் வரை இப்பருவம் நீடிக்கும் என்பதை முன்னமே படித்திருந்ததாற் பொறுத்தோம். ஒருநாள் மட்டும் நிலைமை எல்லைமீறியது: எம் மகள் தன் சிநேகிதி வீட்டுப் பெண் கினிப்பன்றியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, அதே சட்டையுடன் வந்து இவர்களைத் தூக்கினாள். அன்று மாலை முழுவதும் கூட்டில் பல்லொலி கேட்டது. அதன்பின், சிநேகிதி வீட்டிலிருந்து வந்தால் குளித்துச் சட்டை மாற்றாமல் விறாந்தைக்குப் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாயிற்று. ‘மூன்றாவதாக ஒன்று வாங்குவோம்’ என்ற அவளது விண்ணப்பத்தையும் அப்போதே நிராகரித்தோம். ஆண்களில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே பாக்கியம். மூன்றாமவன் வந்தால் இருவர் ஒருபுறம் சேர்வர்.

ஞாயிறுதோறும் குசினித் தராசில் இருவரையும் நிறுத்து, மகளின் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைக்கிறோம். வெளிக்காயமின்றியே ஒருவன் மற்றவனைத் தீனியிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதனைத் தராசுதான் முதலிற் கூறும். செம்பன் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கடந்த மாதம் இருவாரங்களில் ஐம்பது கிராம் குறைந்தான். சுழியன்மேற் சந்தேகம் கொண்டோம். வாயைப் பரிசோதித்த வைத்தியர், கடைவாய்ப் பல் நீண்டு நாவை உறுத்துகிறது என்றார். சுழியன் நிரபராதி.

செம்பனுக்கு இப்போது நான்கு வயது கடந்துவிட்டது. இவ்வினத்தின் ஆயுள் ஐந்து முதல் எட்டு ஆண்டு என்பர். பல்லைத் தறித்துக்கொண்டு வந்த அன்று அவன் ஒன்றும் தின்னாமல் மரப்பெட்டிக்குள் கிடந்தான். அவனுக்கென இன்னொரு பெட்டி தூரத்தில் இருக்க, சுழியன் அதனை விட்டுவிட்டு, செம்பனின் பெட்டி வாசலில், உள்ளே புகாமல், குறுக்கே படுத்திருந்தான். அது நட்பா, அன்றி அப்பெட்டியைக் கைப்பற்றும் எண்ணமா என்று மகளுக்கும் எமக்கும் இன்னமும் வாதம் நடக்கிறது. மறுநாட் காலை செம்பன் எழுந்து வந்து அவன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு கறிமிளகாய்க்குப் போனான்.

பண்டாரவளையில் இப்போது பிற்பகல் மழை. நனைந்த புல் வயிற்றுக்கு ஆகாதென்பதால், மழைக்கு முன்னரே வெட்டி உலர்த்த வேண்டும். சனிக்கிழமை முறை எம்முடையது. அரிவாளை எடுக்கும் சத்தம் கேட்டதும் விறாந்தையிலிருந்து இரண்டு சீழ்க்கைகள் எழுகின்றன.